அறுவடைக் காலத்தில் திணறிய தரவுத்தளம்: பகிர்ந்த சி.பி.யு.வா, தனி சி.பி.யு.வா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற எவருக்கும் ஒரு நாள் கிளவுட் தரவுத்தளத்தின் விலைப்பட்டியலுக்கு முன்னால் உட்கார நேரும். ஒரு பக்கத்தில் ‘ஷெயார்ட்’, அதாவது பலரோடு பகிரும் சி.பி.யு., என்று குறைந்த விலை, மறுபக்கத்தில் ‘டெடிகேட்டட்’, அதாவது நமக்கென்று ஒதுக்கிய தனி சி.பி.யு., என்று அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலான விலை. இரண்டிலும் வி.சி.பி.யு. (மெய்நிகர் சி.பி.யு.) எண்ணிக்கை ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கும். எந்த நேரத்தில், எவ்வகை வேலையில் இரண்டும் பிரிந்து போகும் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதை ஒரு பெரும்போக அறுவடை முழுவதும் பணத்தையும் நித்திரையையும் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாரங்களில் விசாரித்துப் பார்க்க எனக்கு ஆள் இருக்கவில்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் எழுதியது நெல் கொள்வனவுக்கான ஒரு மென்பொருள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகள் சிலவும் படுவான்கரையில் நெல் சேர்க்கும் வியாபாரிகள் சிலரும் அதைப் பாவிக்கிறார்கள். லொறி தராசில் ஏறியதும் எடையும் ஈரப்பதமும் பதிவாகும். ஈரம் பதினான்கு வீதத்துக்கு மேல் போனால் அதற்குரிய கழிவு போகும். விவசாயி விதைப்புக் காலத்தில் உரத்துக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய முற்பணம் கணக்கில் தேடி எடுக்கப்பட்டு, மிஞ்சும் தொகையுடன் ஒரு துண்டு அச்சாகி வெளியே வரும். பின்னால் இருந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்: ஒரு முதன்மை நோடு (தரவுத்தளம் ஓடும் சேர்வர்), அது விழுந்தால் பொறுப்பேற்க ஒரு மாற்று நோடு, இரண்டுமே பகிர்ந்த சி.பி.யு. திட்டத்தில், ஒவ்வொன்றும் இரண்டு வி.சி.பி.யு., நான்கு ஜி.பி. நினைவகம். மாதம் ஏறக்குறைய 120 டொலர், அதாவது முப்பத்தாறாயிரம் ரூபாய் அளவில் வந்தது. வருடத்தின் பெரும் பகுதியில் சி.பி.யு. பாவனை பத்து வீதத்தைத் தாண்டுவதில்லை. அந்தச் சராசரியைப் பார்க்கிற எவரும் பகிர்ந்த திட்டத்தைத்தான் எடுப்பார்கள். இன்றைக்கும் அந்த எண்ணை மட்டும் காட்டிக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் நெல்லின் நாள் சராசரியில் ஓடுவதில்லை. பனி காய்ந்த பிறகுதான் வெட்டு மெஷின் வயல் வட்டைக்குள் இறங்கும்; பொழுது சாயும் மட்டும் வெட்டு; அதன் பிறகு ஏற்றி வருகிற லொறிகள் பின்னேரம் நான்கு மணியிலிருந்து நடுச்சாமம் வரை ஆலை வாசலில் வரிசை கட்டும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை எல்லா ஆலைகளிலும் ஒரே நேரத்தில் இதுதான் நிலைமை. ஆகவே என் தரவுத்தளத்துக்கு வருடத்தில் சில வாரங்கள், நாளில் ஏழெட்டு மணித்தியாலங்கள் தொடர்ந்த வேலை இருக்கிறது; மற்ற நேரமெல்லாம் ஓய்வு. பகிர்ந்த சி.பி.யு.வுக்கு மிகவும் ஒவ்வாத வடிவம் இதுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

அறுவடை தொடங்கிய முதல் வாரம் சிக்கல் எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு, மாலை ஆறு மணி தாண்டியதும் துண்டு வர நேரமெடுக்கிறது என்று முறைப்பாடுகள் வரத் தொடங்கின. அரை விநாடியில் வந்தது ஐந்து விநாடியாயிற்று, பிறகு இருபது விநாடியாயிற்று. ஓர் ஆலையின் கணக்குப்பிள்ளை, என் வாப்பாவின் வயதிருக்கும், தொலைபேசியில் குரலை உயர்த்தாமல் “தம்பி, துண்டு வருதில்ல, லொறி றோட்டு வரைக்கும் நிக்கிது” என்றார். ஏசியிருந்தால் அவ்வளவு வெட்கமாக இருந்திராது. விடிந்ததும் நான் பார்த்தால் எல்லாம் வழக்கம் போல் வேகமாக இருக்கும்; தரவுத்தளத்திடம் எந்தக் கேள்வியை ஓட்டிப் பார்த்தாலும் உடனே பதில் வரும். மாலையானால் மீண்டும் அதே கதை. நோயாளியைக் காட்டப் போகும்போது மட்டும் காய்ச்சல் இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் நான் பார்த்த ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை அதற்குள்தான் இருந்தது. போஸ்ட்கிரெஸ்ஸில் ‘பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்னும் பார்வை, அந்த நொடியில் ஒவ்வோர் இணைப்பும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். வேறோர் இணைப்பு வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருந்தால் பூட்டு என்றும், வட்டிலிருந்து வாசிக்கக் காத்திருந்தால் அதையும் ‘வெயிட் ஈவென்ட்’ என்ற நிரலில் எழுதும். மாலையில் எடுத்துப் பார்த்தபோது இணைப்புகள் பலவும் ‘ஆக்டிவ்’ என்று இருந்தன. அந்த நிரலோ வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் பூட்டுமில்லை, வட்டுமில்லை. அந்தச் செயல்முறை சி.பி.யு.வில் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது சி.பி.யு. கிடைக்கும் வரை நிற்கிறது. இந்த இரண்டையும் போஸ்ட்கிரெஸ்ஸால் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுப் பலகையின் வரைபடமோ சி.பி.யு. அறுபது, எழுபது வீதம் என்று காட்டியது. இன்னும் முப்பது வீதம் மிச்சமிருக்கும்போது ஏன் காத்திருக்கிறது என்று சேவை நிறுவனத்தைக் கேட்டேன். பாவனை கூடியிருக்கிறது, அடுத்த பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்ற பதில் வந்தது.

மாறினேன். பகிர்ந்த திட்டத்திலேயே நான்கு வி.சி.பி.யு., எட்டு ஜி.பி.; மாதச் செலவு 240 டொலரை ஒட்டி ஏறியது. இரண்டு மாலைகள் நன்றாக இருந்தன, பிறகு பழைய நிலைக்கு இறங்கியது. அதற்குள் ஒரு வெள்ளி இரவு, முதன்மை நோடு நலச் சோதனைக்கு உரிய நேரத்தில் பதில் சொல்லாததால் கிளஸ்டர், அதாவது நோடுகள் சேர்ந்த தொகுதி, அதை இறந்ததாக எண்ணி மாற்று நோடை முதன்மையாக்கியது. எல்லா ஆலைகளின் இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்து, ஒரே நொடியில் திரும்பக் கட்ட முயன்றன. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு புதிய இணைப்பும் ஒரு தனிச் செயல்முறை. அதன் மேல் மறையாக்கத்துக்கான கைகுலுக்கல் வேறு. எல்லாமே சி.பி.யு. தின்னும் வேலை. அதே பகிர்ந்த திட்டத்தில் இருந்த மாற்று நோடு எழுந்து நிற்பதற்குள் அதன் மேல் இந்தச் சுமை விழுந்து, அதுவும் திணறியது. அன்று ஆலைகள் கார்பன் தாளில் துண்டெழுதின. மாற்று நோடு இருப்பது பாதுகாப்பு என்று எண்ணுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: சி.பி.யு. பற்றாக்குறையால் விழுகிற நோடுக்கு, அதே பற்றாக்குறை உள்ள இன்னொரு நோடு துணையாகாது.

கையால் எழுதிய துண்டுகளைக் கணினியில் ஏற்ற இரண்டு பிள்ளைகளை நாட்கூலிக்கு வைத்தேன். இரண்டு ஆலைகளுக்கு அந்தப் போகத்தின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்று அப்படியும் விலகிப் போயிற்று. எல்லாம் சேர்த்து மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டியது. பணத்தை விட, ஊரில் நான்கு பேர் கூடும் இடத்தில் “அந்தத் தம்பிட மிஷின் அறுவடைக்கு நிக்காது” என்ற பேச்சு எழுந்ததுதான் அதிகம் உறுத்தியது.

பகிர்வு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று வரவுக் கணக்கு முறை. அமேசான் கிளவுட்டின் டி3 வகை இயந்திரங்கள் இதற்குத் தெளிவான உதாரணம். அதில் ஒரு வி.சி.பி.யு. ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு வரவு செலவாகும். டி3 மீடியத்துக்கு இரண்டு வி.சி.பி.யு.; மணிக்கு 24 வரவுகள் சேரும்; அதிகபட்சம் 576 வரை சேர்த்து வைக்கலாம்; ஒவ்வொரு வி.சி.பி.யு.வுக்கும் அடிப்படை வேகம் 20 வீதம். என் அறுவடை நாளை இதில் போட்டுப் பாருங்கள். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 வரவு செலவு, 24 வரவு வருமானம், நிகரம் 96 குறையும். நிறைந்த கையிருப்போடு தொடங்கினால் ஆறு மணித்தியாலம் தாங்கும். மிஞ்சிய பதினாறு மணித்தியால ஓய்வில் ஐந்து வீதப் பாவனை இருந்தாலும் மணிக்கு 18 வரவாக 288 வரவுதான் திரும்பச் சேரும். மறுநாள் மூன்று மணித்தியாலத்தில் கையிருப்பு முடிந்து, வேகம் ஐந்தில் ஒன்றாக இறங்கிவிடும். முதல் நாள் சோதனையில் தேறியது இரண்டாம் நாள் ஏன் விழுகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும். ‘அன்லிமிட்டட்’ என்ற நிலையில் வைத்திருந்தால் வேகம் குறையாது, மேலதிகமாக ஓடிய நேரத்துக்குப் பில் வரும், அமேசானின் ஆர்.டி.எஸ். தரவுத்தளச் சேவையில் டி3 இயல்பாகவே அந்த நிலையில்தான் ஓடுகிறது. இந்த முறையில் ஒரு நல்லது உண்டு: வரவுக் கையிருப்பு ஒரு வரைபடமாகக் கண்ணுக்குத் தெரியும், அது இறங்கத் தொடங்கும்போதே எச்சரிக்கை வைக்கலாம்.

மற்றையது நான் மாட்டிக்கொண்ட முறை. இதில் கணக்கும் இல்லை, கையிருப்பும் இல்லை. ஒரு பெரிய இயந்திரத்தின் சி.பி.யு.வை அதில் இருக்கக்கூடிய அளவை விட அதிகமாகப் பலருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒருவர் சும்மா இருக்கும்போது மற்றவர் அதை எடுத்துக்கொள்வார். தண்ணீரைப் பங்கிட வட்டவிதானை இல்லாத வாய்க்காலில் தண்ணீர் முறை போலத்தான். மேலே உள்ளவர்கள் மடை திறக்காத நாளில் நம் வயலுக்கு வேண்டிய மட்டும் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைக்கண்டத்துக்குச் சொட்டுத்தான். சொந்தமாக வாடகைக்கு எடுத்த சேர்வர் என்றால் ‘டொப்’ கட்டளையில் ‘எஸ்.டி.’ என்ற இடத்தில் இப்படிப் பறிபோன நேரம் வீதமாகத் தெரியும். சேவை நிறுவனமே நிர்வகிக்கும் தரவுத்தளத்தில் உள்ளே போய் அந்தக் கட்டளையைப் போட நமக்கு வழியில்லை. எனக்கு வந்த வரைபடத்தில் அந்தப் பறிபோன நேரம் சேர்க்கப்படவே இல்லை என்பதுதான், எழுபது வீதத்தில் காத்திருந்ததற்கு நான் கண்ட ஒரே பொருத்தமான விளக்கம்.

உள்ளே போகாமலே அதை அளக்க ஒரு வழி உண்டு. எந்த அட்டவணையையும் தொடாத, வட்டுக்குப் போகாத, வெறும் கணக்கு மட்டும் செய்கிற ஒரு கேள்வியை எழுதுங்கள். ‘ஜெனரேட் சீரீஸ்’ என்ற செயற்கூற்றைக் கொண்டு ஒன்றிலிருந்து ஐம்பது இலட்சம் வரை எண்களை உருவாக்கி அவற்றை எண்ணச் சொன்னால் போதும். அதை என் தரவுத்தளத்தில் ஓட்டினால் என் சுமையும் சேர்ந்துகொள்ளும் என்பதால், அதே நிறுவனத்தில் அதே பகிர்ந்த திட்டத்தில் ஒரு வெற்று நோடு எடுத்தேன். மணிக்கணக்கில் பில் வருவதால் செலவு பெரிதில்லை. மணிக்கொரு தடவை அந்தக் கேள்வியை ஓட்டி நேரத்தைக் குறித்தேன். அதிகாலையில் ஒரு விநாடிக்குள் முடிந்தது, இரவு எட்டு மணிக்கு மூன்று விநாடியும் நான்கு விநாடியும் எடுத்தது. அந்த நோடில் வேறு ஒரு வேலையும் இல்லை. அது என் முதன்மை நோடு இருந்த அதே இயந்திரத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் குணம் என்ன என்பதற்கு அதற்கு மேல் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. நான் எடுத்திருந்த வலயம், அதாவது சேர்வர்கள் இருக்கும் இடம், இந்தியாவில் இருந்தது. அங்கும் நமக்கும் ஒரே நேரம், அவர்களுடைய மாலையும் எங்களுடைய மாலையும் ஒன்று என்பதால், அண்டை வீட்டார் எல்லாரும் சேர்ந்து மடை திறக்கும் நேரத்தில்தான் என் லொறிகளும் வந்துகொண்டிருந்தன என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு தனி சி.பி.யு. திட்டத்துக்குப் போனேன். இரண்டு வி.சி.பி.யு., எட்டு ஜி.பி., இரண்டு நோடு, மாதம் 270 டொலர் சொச்சம். பட்டியலில் பார்த்தால் நான்கு வி.சி.பி.யு.வை விட்டு அதிக விலைக்கு இரண்டுக்கு இறங்கியது மடத்தனமாகத் தோன்றும். அன்று மாலையே துண்டு அரை விநாடிக்குத் திரும்பியது, மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது. உச்ச வேகம் முன்பை விடக் கூடவில்லை. ஏற்ற இறக்கம் போயிற்று, அவ்வளவுதான். இந்த மாற்றத்தில் நினைவகமும் பங்கு கொண்டதா என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள், ஏனென்றால் தனி சி.பி.யு. திட்டங்களில் பொதுவாக வி.சி.பி.யு.வுக்கு நினைவகம் கூடுதலாகவே வரும். எனக்கு அது காரணமில்லை. பெரிய பகிர்ந்த திட்டத்திலும் எட்டு ஜி.பி.தான் இருந்தது, கேள்விகளும் வட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே வாசித்துக்கொண்டிருந்தன. ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ உடன் ‘பஃபர்ஸ்’ என்று சேர்த்து ஓட்டினால் எத்தனை பக்கங்கள் நினைவகத்தில் கிடைத்தன, எத்தனை வெளியிலிருந்து வாசிக்கப்பட்டன என்று காட்டும். வாசிப்பு அதிகமாக இருந்தால் உங்கள் பிரச்சினை வேறு, தனி சி.பி.யு.வுக்குப் பணம் கட்டி அது தீராது. அதோடு, தனி என்றால் முழு இயந்திரமும் நமக்கு என்று பொருளல்ல. ஒரு வி.சி.பி.யு. பெரும்பாலும் சி.பி.யு.வுக்குள் இருக்கும் ஒரு கோரின் (கணிக்கும் அலகின்) இரு இழைகளில் ஒன்றுதான். வலையமைப்பும் பல இடங்களில் வட்டும் தொடர்ந்து பொதுவானவையே.

பெயரை நம்பி எடுக்கவும் கூடாது. மொங்கோ டிபி என்னும் வேறொரு தரவுத்தளத்தின் அட்லஸ் சேவையில் எம்10, எம்20 ஆகியவை தனிக் கிளஸ்டர்கள் என்ற வகையில் வந்தாலும் அவற்றின் சி.பி.யு. வரவு முறையில் ஏறி இறங்குவதுதான். கூகுளின் கிளவுட் எஸ்.கியூ.எல். சேவையில் பகிர்ந்த கோர் உள்ள சிறிய இயந்திரங்களுக்கு, சேவை இவ்வளவு நேரம் கிடைக்கும் என்று வாக்களிக்கும் சேவை உறுதிப்பாட்டு ஒப்பந்தம் பொருந்தாது. மைக்ரோசாஃப்ட் அசூரின் போஸ்ட்கிரெஸ் சேவையில் ‘பர்ஸ்டபிள்’ (வரவு முறையில் ஏறி இறங்கும்) நிலையை எடுத்தால், முதன்மை விழுந்தாலும் சேவை நிற்காமல் இருக்க உதவும் மாற்று நோடே வைக்க முடியாது. இவையெல்லாம் ஆவணங்களில் எழுதியிருக்கின்றன, விலைப்பக்கத்தில் இல்லை.

அறுவடை முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்ததும் கேள்விகளைப் பார்த்தேன். ‘பி.ஜி. ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்’ நீட்சியைப் போட்டு மொத்த நேரப்படி வரிசைப்படுத்தினால், ஒரே ஒரு கேள்வி பாதிக்கு மேல் தின்றது: விவசாயியின் முற்பண நிலுவையைக் கணக்குத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவது. போகத்துக்கொரு முடிவு நிலுவையைப் பதிந்து வைத்து, அதற்குப் பிந்திய வரிகளை மட்டும் கூட்டும்படி மாற்றியதும் சுமை வெகுவாகக் குறைந்தது. இணைப்புகளுக்கு நடுவில், பல இணைப்புகளைச் சிலவற்றுக்குள் அடக்கி அனுப்பும் பிஜி பவுன்சரையும் வைத்தேன், ஃபெயில்ஓவர் (மாற்று நோடு பொறுப்பேற்பது) நடந்தாலும் எல்லாரும் ஒன்றாகப் பாயாமல் இருக்க. அப்படியானால் தனி சி.பி.யு. தேவையே இல்லையா என்று பார்க்க, அடுத்த சிறுபோக அறுவடையின் தொடக்கத்தைப் பகிர்ந்த திட்டத்திலேயே ஓட விட்டேன். பெரும்பாலும் தாங்கியது. ஆனால் இருபது துண்டுக்கு ஒன்று இடையிடையே நான்கைந்து விநாடி இழுத்தது. அலுவலகத்தில் இருந்து அறிக்கை எடுப்பவருக்கு அது ஒன்றுமில்லை. தராசடியில் சாக்குத் தூக்கும் தொழிலாளியும் சாரதியும் நிற்கும்போது அந்த ஒன்றுதான் பேச்சாகிறது. சிறுபோகம் நடுவில் எட்டுமுன் தனி சி.பி.யு.வுக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது வருடத்தில் இரண்டு அறுவடைக்கும் தனி, மற்ற மாதங்களில் பகிர்ந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய திட்டத்துக்கு ஏறும்போது வட்டின் அளவும் கூடவே ஏறினால், சி.பி.யு.வும் நினைவகமும் இறங்கும், வட்டு இறங்காது. பல இடங்களில் விதி அதுதான். முதல் தடவை திரும்பி வரும்போது சிறிய திட்டம் என் வட்டை ஏற்காததால், புதுக் கிளஸ்டர் ஒன்று கட்டி, தரவைப் படியெடுத்து ஏற்றி, ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. ஏற்றும்போது வட்டை அப்படியே விடும் தெரிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றம் நடக்கும்போது ஒரு சிறு அறுப்பு வரும் என்பதால் நான் அதை அறுவடை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு அதிகாலையில் செய்கிறேன். ஒரு வருட ஒப்பந்தத்துக்குக் கழிவு தருகிறார்கள், எனக்கு அது உதவாது. வருடத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கு டொலரில் கடன்பட வேண்டியதில்லை. 2022 பங்குனியில் ரூபாயை மிதக்க விட்டபோது இருநூறில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். அறுவடை மாதங்களின் மேலதிகச் செலவை இப்போது ஆலைகளின் கட்டணத்தில் ‘போகக் கட்டணம்’ என்று தனி வரியாகவே காட்டுகிறேன். ஒருவரும் மறுக்கவில்லை. வெட்டு மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கை விளக்க வேண்டியிருக்கவில்லை.

திட்டம் எடுக்கப் போகிறவர்கள் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை என்று நான் இப்போது வைத்திருப்பவை இவை: இந்தத் திட்டத்தின் சி.பி.யு. வரவு முறையா, கணக்கில்லாமல் பங்கிடும் முறையா. வரவு முறை என்றால் அடிப்படை வேகம் எத்தனை வீதம், தீர்ந்தால் வேகம் குறையுமா பில் ஏறுமா. வரைபடத்தில் பறிபோன நேரம் சேர்கிறதா. மாற்று நோடு அதே வகையா. இறங்கும்போது வட்டுக்கு என்ன ஆகும். கேட்ட பிறகும், ஒரு வெற்று நோடை எடுத்து உங்களுக்கு வேலை கூடிய மணித்தியாலங்களில் அந்த எண்ணும் கேள்வியை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஏழெட்டு மணித்தியாலம் தொடர்ந்து வேலை இருந்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆள் எதிரில் நின்று காத்திருப்பார் என்றால் தனி சி.பி.யு.வை எடுங்கள், சோதனைக்கோ, இரவில் ஓடும் அறிக்கைக்கோ, நாளில் சில நிமிடம் மட்டும் விழித்தெழும் வேலைக்கோ என்றால் பகிர்ந்ததே போதும், மிச்சப்படும் பணத்தைக் காப்புப் படிகளுக்குச் செலவிடலாம்.